இன்வெர்ட்டரில் பேரரசர்

கண்ணா,

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மாற்றுத்துணி எடுக்க வந்தேன்.

மத்தியானம் கரண்ட் போனதும் அவருடைய மூச்சு மெஷின் நின்றுவிட்டது. நீதான் அதை இன்வெர்ட்டர் பாயின்ட்டிலிருந்து பிடுங்கி, சாதா பாயின்ட்டில் மாட்டிவிட்டு, உன் கம்ப்யூட்டரைச் சொருகியிருக்கிறாய். நீ உலகத்தைக் காப்பாற்றிய கேம் வீடியோ தடங்கலில்லாமல் கன்வெர்ட் ஆகி, அப்லோடும் ஆகிவிட்டது. வாழ்க பேரரசர்!

சாப்பாடு அடுப்பு மேலே இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

கண் விழித்ததும் அப்பா கேட்டது: "கரண்ட் போச்சே, பாவம், அவன் வீடியோ என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அம்மா

பி.கு: பிளக் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து நீயே சொல்லு.