வழிமொழிதல்

என் புஜ்ஜிக்குட்டி,

அம்மா கவுன்சிலர் ஆகிவிட்டேன். நம் உப்பளத்து ஆட்கள்தான் ஜெயிக்க வைத்தார்கள். இன்று திண்டிவனத்தில் பயிற்சி. டீயோடு க்ரீம் பிஸ்கெட் கொடுத்தார்கள். பழக்கத்தில் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் நானே தின்றேன்.

மன்றக் கூட்டம் எப்படி நடத்துவது என்று ஒத்திகை வைத்தார்கள். ஒருவர் தெருவிளக்குக்குத் தீர்மானம் வாசித்தார். "யாராச்சும் வழிமொழியுங்க" என்றார் பயிற்சி கொடுத்த மேடம். வழியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எழுந்துவிட்டேன்.

"எங்க உப்பளத்துக்கு வழியே இல்லீங்க மேடம். மழை பெஞ்சா வெறும் வரப்புதான். ஆம்புலன்ஸ் மெயின்ரோட்டுலயே நின்னுடுது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாமதான் ஓடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். "மொதல்ல லைட்டு எரியட்டும்க்கா, அப்புறம் வழி காட்டு" என்றாள் நம் பக்கத்து வார்டு கவுன்சிலர் நவமணி. "வழிமொழியறதுன்னா, நானும் ஒத்துக்கறேன்னு சொல்றது."

மேடம் சிரிக்கவில்லை. "அந்தப் பாதையையே தீர்மானமா எழுதுங்கம்மா" என்றார். எனக்குக் கடிதம்தானே எழுத வரும், தீர்மானமெல்லாம் வருமா? நவமணிதான் எழுதிக் கொடுத்தாள். நான் வாசித்து முடித்ததும் அவளே முதலில் கை தூக்கினாள். "நான் வழிமொழியறேன்."

எந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்றார் மேடம். எல்லாப் பிள்ளைக்கும்தான் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நிஜக் கூட்டம். அங்கேயும் கை தூக்குவேன் என்று நவமணி சொல்லியிருக்கிறாள். பாதை வந்துவிடும் போலிருக்கிறது.

உன்னிடம் மட்டும்தான் இதைக் கேட்கமுடியும். அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் அந்த வரப்பு மேல் ஓடினேனே, ரொம்பக் குலுங்கிச்சா தங்கம்?

உன் அம்மா