நூற்று எழுபத்தைந்து கிலோ

17 மார்ச் 2024, ஞாயிறு

இந்தக் கொப்பி கோ-கார்ட் பந்தய வண்டியின் அளவுகளை எழுத வாங்கியது. ரயர்க் காற்று, பாரம், சுற்று நேரம். ஆனால் அளவு மட்டும் எழுதினால் என் கை சும்மா இருக்காது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அறுபத்தெட்டு வயதில் எழுத்து ஊறுகிறது. பிழை இருந்தால் வாசிக்கிறவர் திருத்தட்டும். வாசிக்க ஒருவரும் இல்லை, அது வேறு கதை.

இன்று மூர்த்தன் ஊர்ப்பக்கம், பந்தயம் நடத்தும் விவசாயி ரூடியின் காணியில் இந்த வருசத்து முதல் ஓட்டம். உருளைக்கிழங்குத் தோட்டத்து மூலையில் ரூடி வெட்டி வைத்திருக்கும் முட்டை வடிவ மண்பாதை. எல்லா வளைவும் இடப்பக்கம்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பந்தயத்தில் பன்னிரண்டு பேர். பதினொரு சுவிஸ்காரர், ஒரு பாலேந்திரன்.

நானும் பாலனும் துன் நகர ஹோட்டல் குசினியில் பதினெட்டு வருசம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினவர்கள். இப்போது ஃப்ரிபூர்க்கில் ஒரே தெரு. ரூடி இரவல் தந்த வண்டியை அவன் ஓட்டுகிறான், நான் ஸ்பானர் பிடிக்கிறேன். நான் ஏன் ஓட்டுவதில்லை என்று ரூடி கேட்டான். பாலன் முந்திக்கொண்டு சொன்னான்: "இவர் ஏறினா வண்டி ஓடாது ரூடி, உழும்."

ஆளும் வண்டியும் சேர்ந்து 175 கிலோவுக்குக் குறையக் கூடாது. அது சட்டம். வண்டி 90. பாலன் ஹெல்மெட், சப்பாத்தோடு 81. மிச்சம் நாலு கிலோவுக்கு ஈயத்தகடு. பழைய கார்ச் சக்கரங்களில் பாரம் சமன் செய்யப் பூட்டும் ஈயத்தை உருக்கி நானே ஊற்றினது. தகடு ஒன்று ஒரு கிலோ.

ஏழாவது இடம்.

18 மார்ச்

ஏன் ஏழாவது? குளித்துக்கொண்டு யோசித்தேன். பாலனின் பாரம் மேலே இருக்கிறது. நெஞ்சு, தோள், அந்த மொட்டைத் தலை. வளைவில் அவ்வளவும் வெளிப்பக்கம் சரிகிறது, வலது ரயர் மண்ணில் புதைகிறது. அதில் கொஞ்சத்தைக் கழற்றி, சீற்றுக்குக் கீழே இடப்பக்கம் பூட்டினால்? மனிதனை ஸ்பானரால் கழற்ற முடியாது. சாப்பாட்டால் முடியும்.

போன் அடித்தேன். "டேய், புட்டை விடு. நாலு கிலோ குறைஞ்சு வா. அந்த நாலையும் நான் ஈயமா கீழ பூட்டித் தாறன். பாரம் அதே பாரம், ஆனா வண்டி பறக்கும்."

"நாலு கிலோவோ?" என்று திருப்பிக் கேட்டான். பிறகு, "சரி மச்சான். நீ சொன்னா விடுறன்."

அரைக் கோப்பை பால்தேத்தண்ணியைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள். அதிசயம்தான்.

14 ஏப்ரல், ஞாயிறு

பாலன் 79. ஈயம் 6. ஆறாவது இடம்.

இன்று வருசப்பிறப்பு. பாலனின் மனிசி பரமேஸ்வரி பயத்தம் பணியாரம் கட்டி அனுப்பியிருந்தாள். அவன் தொடவில்லை. நான் ஒன்பது தின்றேன். பிறகு ஒரு ஆணி எடுத்து இரண்டு புதுத் தகட்டிலும் பெயர் கீறினேன். ஒன்று "புட்டு". மற்றது "பணியாரம்". அவன் விட்ட சாப்பாடெல்லாம் அவனுக்குக் கீழே இருக்கட்டும். பாலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

12 மே, ஞாயிறு

பாலன் 76. ஈயம் 9. இடப்பக்கம் பாரம் நூற்றுக்கு ஐம்பத்தேழு வருமாறு சீற்றை ஒரு விரல் நகர்த்தினேன். நாலாவது! சுற்றுக்கு அரை விநாடி மிச்சம்.

புதுத் தகடுகள்: இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, தோசை.

13 மே

பரமேசு போன் எடுத்து ஏசினாள். "தவா அண்ணை, உங்களுக்கு விசரோ? கார்ட் ஓடுறதுக்காக ஒரு மனிசனைப் பட்டினி போடுறதோ?" நான் சொன்னேன்: "தங்கச்சி, கலியாணத்தில பார்த்த மாப்பிள்ளை திரும்ப வாறான். எனக்கு நன்றி சொல்லு." போனை வைத்துவிட்டாள். நன்றாக ஏசுகிறாள். எனக்கு நல்ல பசி வந்தது.

16 ஜூன், ஞாயிறு

மூன்றாவது!! பாலன் 73. ஈயம் 12.

மேடையில் ஏற்றி ஒரு சீஸ் கட்டி கொடுத்தார்கள். பாலன் அதை என்னிடம் தந்தான். "இதையும் தகட்டில கீறு." அவனைத் தூக்கிச் சுற்றினேன். லேசாக இருந்தான். "போதும், இதோட நிப்பாட்டு. இனிக் குறைஞ்சா ஸ்டியரிங் பிடிக்கப் பலம் காணாது" என்றேன். "ஓம் ஓம்" என்றான்.

14 ஜூலை, ஞாயிறு

பாலன் 70. ஈயம் 15.

நிறுத்தச் சொன்னேனே.

சீற்றில் அவன் உடம்பு ஆடுகிறது. இரண்டு பக்கமும் பஞ்சு வெட்டி வைத்தேன். வைக்கும்போது அவன் விலா எலும்பு கையில் பட்டது. ஏழாவது இடம். திரும்பி வரும்போது கடையில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். தின்றான். காரை நிறுத்தச் சொல்லி, புல்லுக்குள் போய்த் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். "ரோட்டு வளைவு" என்றான்.

ரோட்டு நேராகத்தான் கிடந்தது.

16 ஜூலை

கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டினேன். 81, 79, 76, 73, 70. நான் கேட்டது நாலு. போனது பதினொன்று. எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை?

சீற்றுச் சரி பார்க்க வா என்று ரூடியின் களஞ்சியத்துக்குக் கூப்பிட்டேன்.

"நிப்பாட்டச் சொன்ன பிறகும் ஏன்டா குறையிறாய்?"

"நீ சொல்லி நான் எப்ப கேட்டனான்?"

"பாலா. தராசுக்குப் பகிடி தெரியாது."

கார்ட்டின் ரயரில் குந்தினான். மண்ணைச் சுரண்டிக்கொண்டு சொன்னான். "கணையத்தில கான்சர் மச்சான். ஈரலுக்கும் போயிட்டுதாம். மார்ச் பதினைஞ்சு ஆஸ்பத்திரியில சொன்னவை. பரமேசுக்கு என்ன சொல்லி மெலியிறது எண்டு மூண்டு நாளா முழிச்சுக்கொண்டிருந்தன். நீ போன் அடிச்சு, புட்டை விடு எண்டாய்."

"மருந்து ஏத்தினா?"

"ஆறு மாசம் ஒன்பது ஆகுமாம். அந்த ஒன்பதும் கட்டிலில. எனக்கு செப்டம்பர் கடைசி ஓட்டம் வேணும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அண்டைக்கே அழத் தொடங்கிடுவாள். நான் செத்த பிறகு அழட்டுமே, முந்தியே ஏன்?"

நான் கை தட்டினனான். ஒவ்வொரு கிலோவுக்கும் கை தட்டினனான். ஆணியால பேர் கீறினனான். என்ர பாலன் கரையக் கரைய நான் ஈயம் ஊத்தினனான் —

17 ஜூலை

ஒன்றும் எழுத வரவில்லை.

19 ஜூலை

பொய் வயிற்றில் நிற்கவில்லை. பாலன் வைத்தியரிடம் போன நேரம் பார்த்துப் பரமேசிடம் சொல்லிவிடப் போனேன். எப்படித் தொடங்குவது என்று படியில் ஏறும்போதே பாடமாக்கினேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் சொல்லிட்டாரோ அண்ணை?"

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"மே ஏழாம் தேதி காப்புறுதிக்காரரின்ர கடிதம் வந்தது. அவர் ஒளிக்க முந்தி நான் உடைச்சிட்டன். எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது எண்டு இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறார். முப்பது வருசம் நான் இஞ்ச என்ன செய்தனான்?"

"அப்ப என்னைப் போனில ஏசினது?"

"அவர் பக்கத்தில நிண்டவர். நம்ப வேணுமே." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கடைசி ஓட்டம் வரைக்கும் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். அதுக்காகத்தான் அவர் எழும்பி நடக்கிறார். அண்ணை, ஒண்டு கேக்கிறன். பகிடியை நிப்பாட்டிப் போடாதேங்கோ. நீங்கள் பகிடி விடாட்டி அவருக்கு விளங்கிடும்."

அவன் அவளுக்காக நடிக்கிறான். அவள் அவனுக்காக நடிக்கிறாள். ஊரையெல்லாம் பகிடி பண்ணித் திரிந்த நான் மட்டும் நாலு மாதம் உண்மையாகவே சிரித்திருக்கிறேன்.

28 ஜூலை

இன்று மூன்று பகிடி விட்டேன். மூன்றுக்கும் பாலன் சிரித்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றாமல் படுத்தேன். பதினெட்டு வருசம் கோப்பை கழுவி ஒரு நாளும் இப்படி அலுத்ததில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பாலன் 67. ஈயம் 18.

ஐந்தாவது சுற்றில் வளைவில் திரும்பாமல் நேரே வைக்கோல் கட்டுக்குள் போனான். காயம் இல்லை. ஸ்டியரிங்கை இழுக்கக் கையில் பலம் இல்லை. "வண்டி திரும்புதில்லை" என்றான். "ஓம், என்ர பிழை" என்றேன். வண்டியில் பிழை இல்லை. முதலாவதாக வந்தவனின் ஸ்டியரிங்கும் இப்படி இறுக்கமாகத்தான் இருக்கும். வேகத்துக்கு அப்படித்தான் வைக்க வேணும்.

தகட்டுப் பெயர்களை அரத்தால் அழிக்கப் போனேன். பாலன் கையைப் பிடித்தான். "விடு. எல்லாத்தையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு ஓடுவம்."

25 ஆகஸ்ட்

நாலு வருசமாக ஒரே கேள்விதான் கேட்டேன்: எப்படி வைத்தால் கெதியாக ஓடும்? இப்போது வேறு கேள்வி. எப்படி வைத்தால் பலமில்லாதவன் ஓட்டலாம்?

வலது முன் சக்கரத்திலும் இடது பின் சக்கரத்திலும் விழும் பாரத்தைக் குறைத்தால் வண்டி தானாக மூக்கைத் திருப்பும். வலது பின் ரயரை இன்னும் பெரிதாகப் போட்டால் வண்டி எந்த நேரமும் இடப்பக்கம் போகவே பார்க்கும். நேர்ப்பாதையில் இழுபடும், சுற்றுக்கு முக்கால் விநாடி போய்விடும். பரவாயில்லை. வளைவில் இரண்டு விரலால் பிடித்தாலே போதும்.

ரூடியின் காணியில் நானே ஏறி ஒரு சுற்று மெல்ல ஓட்டிப் பார்த்தேன். வண்டி உழுதது. ஆனால் திரும்பியது.

15 செப்டம்பர், ஞாயிறு. கடைசி ஓட்டம்

பாலன் 64. ஈயம் 21. சீற்றைச் சுற்றி இடம் போதாமல் காலடியிலும் பூட்டினேன்.

பரமேசு வந்திருந்தாள். முதல் தடவை. தூக்குச் சட்டியோடு.

பதினைந்து சுற்று. ஒவ்வொரு வளைவிலும் நானும் இடப்பக்கம் சாய்ந்தேன். வண்டி அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஒன்பதாவதாக வந்தான். நானும் பரமேசும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

"ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்ல. உனக்குப் பலம் கூடிட்டுது."

என்னையே பார்த்தான். "அறுபத்தெட்டு வயசு, இன்னும் வடிவாப் பொய் சொல்லத் தெரியாது" என்றான்.

முடிந்த பிறகு தராசு. காலையில் சரியாக 175. இப்போது 174 அரை. ஒரு பின்னேரத்துக்குள் அரைக் கிலோ. குறைந்தால் பெயரை வெட்ட வேணும். ரூடி தராசைப் பார்த்தான். பாலனைப் பார்த்தான். மார்ச்சிலிருந்து இவ்வளவு எண்களையும் எழுதினவன் அவன்தானே. புத்தகத்தில் 175 என்று எழுதி மூடினான். ஒரு சுவிஸ்காரன் பிழையாக எழுதினதை நான் வாழ்நாளில் இன்றுதான் கண்டேன்.

பரமேசு சட்டியைத் திறந்தாள். புட்டு. பாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப தின்னலாமோ தவா?"

"தின்னடா. சீசன் முடிஞ்சுது."

இரண்டு வாய் தின்றான். அவள் கையால்.

16 செப்டம்பர்

பாலன் இரவு பரமேசிடம் சொன்னானாம். அவள் அப்போதுதான் கேட்கிறது போல அழுதாளாம். "அழுகை மட்டும் நடிக்க வேண்டி வரேல்ல அண்ணை" என்றாள்.

20 அக்டோபர்

ஆஸ்பத்திரி. கட்டிலிலும் ஒரு தராசு பூட்டியிருக்கிறார்கள், எண் தெரிகிறது. நான் பார்க்கவில்லை. பாலன் பார்த்துவிட்டான். "இப்ப எத்தனை தகடு வேணும்?" என்று கேட்டான். "உன்னை விட்டுட்டுத் தகட்டை மட்டும் ஓட விடலாம்" என்றேன். சிரித்தான். இருமினான். தாதி என்னை வெளியே போகச் சொன்னாள்.

3 நவம்பர்

காலை ஏழு பத்துக்கு.

5 நவம்பர்

எரித்தாயிற்று. பெட்டியைத் தூக்க ஆறு பேர் நின்றார்கள். இரண்டு பேர் போதும்.

பகிடி இல்லை. உண்மையாகத்தான்.

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

கார்ட்டை ரூடிக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். பரமேசு முந்தியே அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பன்னிரண்டாவது பெயராக என் பெயரை எழுதி வைத்திருந்தான்.

வண்டி 90. நான் 88. தகடெல்லாம் கழற்றியும் மூன்று கிலோ கூடத்தான் வருகிறது. ஈயம் தேவையில்லை.

சீற்றுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு தகடு பூட்டினேன். "புட்டு" என்று கீறினது.

ரூடி குனிந்து பார்த்தான். "தவா, நீ ஏற்கெனவே பாரம் கூட. இது எதுக்கு?" என்று ஜெர்மனில் கேட்டான். எனக்கும் ஜெர்மன் தெரியும். ஆனால் ஸ்பானரைத்தான் எடுத்தேன். அவன் போய்விட்டான். நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

வண்டி உழுதது. பன்னிரண்டு வண்டியில் பன்னிரண்டாவதாக வந்தோம்.