கரையோரத்துக் கர்ல்

1978 செப்டம்பர் 11, திங்கள்

கணக்கு வாத்தியார் என்னோடு படிக்கும் பழனியை அவமானப்படுத்திக் கல்லூரியை விட்டே துரத்தினார். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

நேராக ஓடும் தண்ணீருக்குக் கர்ல் உண்டா என்று போன வாரம் வகுப்பில் வாத்தியார் கேட்டார். மிதப்பதைச் சுழலவைக்கும் தன்மைதான் கர்ல். "கரையோரம் உண்டுங்க சார், துரும்பு சுத்தும்" என்றான் பழனி.

"சுழியே இல்லாத இடத்துல கர்லா? மம்பட்டி பிடிக்கிற மூளை" என்றார். அன்றிலிருந்து பழனி வரவில்லை. அவன் அப்பா எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்.

இன்று மாலை இரண்டு வைக்கோல் துண்டுகளைக் குறுக்காகக் கட்டி எங்கள் வாய்க்காலில் விட்டேன். நடுவில் திரும்பாமல் போனது. கரையோரம் சுழன்றது. கரைப்பக்கம் ஓட்டம் மெதுவு, உள்பக்கம் வேகம். அந்த வித்தியாசமே அதைத் திருப்புகிறது. சுழி தேவையில்லை.

மடை அடைத்துக்கொண்டிருந்த பழனியிடம், "நீ சொன்னதுதான் சரி. நாளைக்குக் காலேஜுக்கு வா" என்றேன்.

"சிரிச்சது அங்க, சரிங்கறது இங்கயாங்க? வகுப்புல எந்திரிச்சு அவருகிட்டச் சொல்லுங்க, வாரேன்."

மம்பட்டியைக் கழுவிக்கொண்டே பதிலுக்காக நின்றான். நான் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.