பழுப்புக் கோட்டு

லவினியா,

தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. அடுப்பில் சோளக்கஞ்சி இருக்கிறது, வெண்ணெய் போட்டுச் சூடாக்கிக்கொள். பத்து மணிக்கு ஓப்பல் சித்தி பீச் ஜாம் வாங்க வருவாள். வாசல் சாவி ஜன்னலோரம்.

என் நேர்காணல் எப்படிப் போனது என்று நேற்று கேட்டாய். வீம்பில் நான் பதில் சொல்லவில்லை. முந்தின நாள்தானே, "கடைசி வருஷம் காலேஜ் படிக்கிறவ, துணிமணிப் பத்திரிகையைப் புரட்டி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கத்தினேன். ஆனாலும் விடிந்ததும் என் பழைய பழுப்புக் கோட்டின் தோளைப் பிரித்துத் தைத்து, இலையுதிர்காலத்துக்கென்று நீ ஆசையாக வாங்கிய ஆரஞ்சுத் துணியை என் கழுத்தில் கட்டிவிட்டாய்.

"நிமிந்து நில்லும்மா. பதினெட்டு வருஷமா அந்தப் பள்ளிக்கூட அடுப்பையே ஆள்றவ நீ."

நிமிர்ந்தே உள்ளே போனேன். போன இரண்டு தடவையும் குரல் நடுங்கித்தான் தோற்றேன். நேற்று நடுங்கவில்லை. சமையலறைத் தலைமை வேலை எனக்குத்தான், கண்ணு.

உனக்குத் துணி மட்டுமா தெரிகிறது? அதை உடுத்துகிறவளையும் தெரிகிறது. எனக்குத்தான் இத்தனை நாள் புரியவில்லை. உன்னை வேலைக்குக் கூப்பிட்ட அட்லாண்டா துணிமணிப் பத்திரிகைக்காரர்களுக்கு, படிப்பு முடிந்ததும் வருகிறேன் என்று இன்றே எழுது.

அம்மா

வாசலில் அலங்காரமாக நீ அடுக்கிய பூசணிகளை நேற்று அஞ்சல்காரர் நின்று ரசித்துவிட்டுப் போனார்.

இன்னொன்று: உன் பத்திரிகைக் கட்டைக் குப்பைத் தொட்டியருகே வைத்தது நான்தான். திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன். அக்டோபர் இதழைத் தேடாதே, பஸ்ஸில் படிக்க நான் எடுத்துப் போகிறேன்.