அசையாத தண்ணீர்

9-2-1971, செவ்வாய்
காலை ஷிப்ட். பாய்லர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கும் பாதி, பதினொன்றுக்கும் பாதி. பம்பு தள்ளுகிற தண்ணீர் அத்தனையும் ஆவியாகிப் போய்விடுகிறது. காலையில் இருந்த தண்ணீர் இப்போது உள்ளே இல்லை. மட்டம் மட்டும் இருக்கிறது.

கரி போடும் சௌக்கத் அலி, “இன்னா மாமு, கண்ண தொறந்துகினே தூங்கறியா?” என்றான். நினைத்ததைச் சொன்னேன். சிரித்தான். “வர்றதும் போறதும் சமமா கீது. அதுல இன்னா கனவு?”

சுவருக்கு அந்தப் பக்கம் கடல். அது நேற்றைய கடலா?

10-2-71
கூர்ந்து பார்த்தால் மட்டம் சும்மா நிற்பதில்லை. மயிரிழை ஏறி, மயிரிழை இறங்குகிறது. வீட்டுக்கு வந்து மனைவி ஆலிஸிடம் சொன்னேன். “தூங்கசொல்ல உன் தொப்பையும் அப்பிடித்தான் கீது” என்றாள்.

12-2-71
சங்கரா மீன் குழம்பு. தூக்கம்.

15-2-71, திங்கள்
பத்து மணிக்கு மட்டம் பாதியில் நின்றது. துளி அசைவில்லை, வரைந்து வைத்த தண்ணீர் மாதிரி. பாய்லரின் இன்னொரு கண்ணாடிக் குழாய் உடைந்து ஒரு மாதம், மாற்றவில்லை. அடித் திருகைத் திறந்து குழாயைக் காலி செய்து மூடினேன். தண்ணீர் திரும்ப ஏறணும். ஏறல. பாய்லர்லேர்ந்து குழாய்க்கு வர்ற வழி அடைச்சிருக்கு. அப்போ உள்ள எவ்ளோ தண்ணி? யாருக்குத் தெரியும்?

ஃபோர்மேன் வேலப்பன் கத்தினார்: “அடைப்புதான? சாயங்காலம் பாத்துக்கலாம். பம்ப ஓட்டு, நெருப்ப தொடாத!”

காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். சௌக்கத் என் முகத்தையே பார்த்தான். “வாரு” என்றேன். இருவரும் நெருப்பை வாரி வெளியே தள்ளினோம். ஆவி இல்லாமல் ஆலையே நின்றது. அலைச் சத்தம் கேட்டது — இத்தனை வருஷத்தில் உள்ளே இருந்து கேட்டதே இல்லை.

எனக்கு சஸ்பெண்ட். சௌக்கத் என் சொல்படிதான் செய்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

20-2-71
உள்ளே தண்ணீர் நிறைய இருந்திருந்தால்? கனவு காண்கிறவன் பேச்சைக் கேட்டு ஆலை நின்றது என்பார்களே. தலைவாரும்போது ஆலிஸ் என்னையே பார்க்கிறாள்.

23-2-71
வேலப்பன் வீடு தேடி வந்தார். பாய்லர் ஆறின பிறகு ஆளை இறக்கிப் பார்த்தார்களாம். தண்ணீர் அடியோடு வற்றி, உள்குழாய்கள் வளைந்து கிடந்ததாம். “இன்னும் அர மணி போயிருந்தா, பாஸ்கல்...” ஆலிஸ் கொடுத்த டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார். போகும்போது, “திங்கக்கெழம வந்துடு” என்றார்.

14-3-71, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து ஆலிஸும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சௌக்கத்தின் மனைவி சாபிராவுக்கு நேற்று பெண் குழந்தை. அவன் கையிலிருந்த கரியையெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தான். “புடி மாமு” என்று குழந்தையைத் துணியோடு நீட்டினான்.

திருப்பிக் கொடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.