ஆணி அடிக்காத வீடு

அம்மா,

கடையில் இன்று புதுச் சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் ஆணியின் அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம், நம்மிடம் மிளகு வாங்க வருவாரே, அந்த பாயின் இரும்புக் கடை. அங்கே நாள் முழுக்க ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். எனக்கென்று ஓர் ஆணி அடிக்கத்தான் சுவர் இல்லை. உன் போட்டோ இன்னும் அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நிற்கிறது. ஒருமுறை சரிந்து விழுந்து கண்ணாடியின் ஒரு மூலை விரிசல் விட்டது.

"சொவுத்துல ஆணி மட்டும் அடிச்சுராதீங்க தம்பி." மாடி அறையை வாடகைக்கு விடும்போதே வீட்டுக்கார அக்கா சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன்.

கொட்டச்சேடு ரோட்டு பங்களாவை நீ வருஷம் முழுக்கப் பெருக்கினாய். சென்னைக்காரர்கள் மே மாதம் வந்து அதில் தங்கிப் போனார்கள். நாம் இருக்கப் பின்பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டைக் கொடுத்தார்கள். சுவரிலும் ஆணி கூடாது, தோட்டத்து மரத்திலும் கூடாது என்பது பங்களாக்காரரின் ஒரே நிபந்தனை. அதனால் நீ எல்லாவற்றையும் கட்டினாய். ஆடும் கதவைக் கட்டுக்கம்பியால் நிலையோடு கட்டினாய். ஒழுகும் தோட்டத்துக் குழாய்க்கு சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினாய். வேலிப் படலைச் சவுக்கு மரத்தோடு, மரத்துக்கு வலிக்காமல், சாக்கு வைத்துக் கட்டினாய். காலண்டர்கூட விட்டத்திலிருந்து நீளக் கம்பியில் தொங்கியது. கதவைத் திறந்தால் காற்றில் ஊஞ்சலாடும்.

மிளகு வாங்க வந்த பாய் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, காலண்டரைத் தூளியில போட்டுத் தூங்க வைக்கிறீங்களா?" என்றார்.

"ஆமாங்க பாய். தேதி எந்திரிச்சு ஓடாம கெடக்கட்டுமுங்க."

இப்போதும் கடையில் காலண்டர் வந்தால் அவர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மூலை விட்டம் இற்றுப்போய், அதையும் நீ கம்பியால் கட்டி நிறுத்திய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பங்களாக்காரர் மகளோடு நம் வீட்டுக்குள் வந்தார். நீ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாய். "ஏனுங்க, அந்த மூலைக் கட்டை இத்துப்போச்சுங்க. ஒண்ணே ஒண்ணு மாத்திக் குடுத்தீங்கன்னா நொம்பப் புண்ணியமுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அதான் நீங்களே பிரமாதமா கட்டிட்டீங்களே!"

மகள் உன் கம்பி முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தாள். "சோ க்யூட். கலைச்சிடாதீங்க, அப்படியே விட்டுடுங்க." நம் தலைக்கு மேல் விழக் காத்திருந்த கூரை அவளுக்கு அழகாக இருந்தது. நீ சிரித்தபடி காப்பி கொடுத்தாய்.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். "நாமளே ஆணி அடிச்சு ஒரு கட்டையைச் சேத்திரலாம்மா. எவன் மேல ஏறிப் பாக்கப் போறான்?"

"வேண்டாங் கண்ணு. ஆணி அடிச்சா ஊடு நம்மளுதுன்னு மனசு நெனச்சுக்கும்."

"நெனச்சா என்ன?"

நீ கட்டிங் பிளேயரால் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினாய்.

அந்த மழையில் மூலை ஒழுகியது. கட்டிலை நகர்த்தினோம். ஈரம் சுவரோடு நகர்ந்து வந்தது. உன் நெஞ்சில் கட்டிய சளி இறங்கவே இல்லை. சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போய் பஸ் ஏறிய உன்னை, உயிரில்லாமல் வண்டியில் கிடத்தித்தான் மலைக்குக் கொண்டுவந்தேன். கூரைதான் உன்னைக் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். உன் கம்பிகளை நறுக்கினேன். ஒரு காலைப்பொழுதுக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. பங்களாக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "உங்கம்மா மாதிரி ஆள் கிடைக்காதுப்பா. ஒரு கீறல் இல்ல பாரு." பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பார்த்தேன். உண்மைதான். நீ அங்கே இருந்தாய் என்பதற்கு அந்தச் சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை.

இன்று கடை சாத்தும்போது ஓர் ஆணி கேட்டேன். பாய் எதற்கென்று கேட்கவில்லை. "சாதா ஆணி வளைஞ்சுரும் தம்பி, கான்கிரீட் ஆணியா எடுத்துக்கங்க. அந்தச் சுத்தியலையும் கொண்டுபோங்க."

மூன்றாவது அடியிலேயே வீட்டுக்கார அக்கா மேலே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, என்னங்க சத்தம்?"

"ஆணி அடிக்கிறேனுங்கக்கா."

"அன்னைக்கே சொன்னேனுங்களே?"

"சொன்னீங்கக்கா."

அரிசி டிரம்மின் மேலிருந்த உன் போட்டோவைப் பார்த்தார். "காலி பண்றப்போ ஓட்டையைப் பூசிக் குடுத்துரோணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சரி என்று தலையாட்டினேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பூசப் போவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் உன் கட்டிங் பிளேயர் என் பாக்கெட்டில் வரும். போட்டோவையும் கழற்றி எடுத்துக்கொள்வேன். ஓட்டை மட்டும் இங்கேயே இருக்கும்.