முன்னறையில் உட்கார்ந்திருக்கும் மாமன்

கட்டுக்கலைப் பிள்ளையார் துணை

மஹய்யாவ, கண்டி
புதன்கிழமை மத்தியானம்

அன்பு மகள் யசோதினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கட்டாரில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இன்றைக்கு அப்படி எழுதினால் பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, அழாதே. முதலில் ஒரு காரியம் சொல்கிறேன், அதைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படி. இதைப் பார்த்த உடனே பன்விலையில் பெரியம்மா வீட்டில் இருக்கும் தம்பி சதீஸுக்குப் போன் எடு. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், வரக் கூடாது என்று சொல். காரணம் என்னவாவது சொல்லிக்கொள். நாங்கள் சொன்னால் அவன் கேட்க மாட்டான், நீ அதட்டினால்தான் அடங்குவான், சின்ன வயதிலிருந்து அப்படித்தானே. ஆனால் என் நம்பருக்கோ அப்பா நம்பருக்கோ எடுத்துவிடாதே, இரண்டு போனும் வீரசிங்கத்தின் மடியில் இருக்கின்றன.

ஆமாம், அதே வீரசிங்கம்தான், உன் கல்யாணத்தில் மாமன் பட்டம் கட்டினாரே, அவரேதான். நேற்று மழையோடு மழையாக வந்தவர், இன்னும் நம் முன்னறையில் அப்பாவின் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்பதுதான் வேடிக்கை. மருமகளுக்கு எழுதுங்க தங்கச்சி, மாமனைக் கட்டாருக்குக் கூப்பிடச் சொல்லுங்க, அங்க என்ன வேலைன்னாலும் செய்யிறேன், நல்லா நீளமா, மனசு இளகுற மாதிரி எழுதுங்க என்கிறார். போனில் பேசினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். பேனா சத்தம் நின்றால் திரும்பிப் பார்க்கிறார், அதனால் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன், முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள். வாசித்துப் பார்க்க அவரால் முடியாது, கண்ணாடி உடைந்துவிட்டது. மடியில் போன்களோடு காடு வெட்டுகிற ஒரு மன்னாக் கத்தியும் இருக்கிறது, துண்டால் மூடி வைத்திருக்கிறார். என்னையோ அப்பாவையோ அதைக் காட்டி மிரட்டவில்லை. துண்டு விலகும்போதெல்லாம் இழுத்து மூடிக்கொள்கிறார், அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் கிடந்த காலம் உனக்கு மறந்திருக்காது. இவர், டவுனில் சாமான் கடையில் வேலைக்கு நின்ற மனிதர், யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர், ஒரு நாள் கல் மேல் ஏறி நின்று ஒரு சத்தம் போட்டார். முட்டி மோதிக்கொண்டிருந்த சனம் கோடு போட்டது போல நின்றது. பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழடுகளும் முதலில் வந்தார்கள். ஆம்பிளைன்னா இப்படி இருக்கணும் என்று தெருவே சொன்னது, நானும்தான் சொன்னேன். பிறகு காவல் சபை என்றார், நல்லதுதானே என்றோம். பொடியன்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை வந்தது, வேலை வெட்டி இல்லாத பிள்ளைகள் சுத்தமாகத் திரிகிறார்களே என்று தாய்மார் பூரித்தார்கள். அவர் போகும்போது கையை மூடி நெஞ்சில் வைக்க வேண்டும் என்று வந்தது. காலையில் லவுட்ஸ்பீக்கரில் அவர் பேச்சு, சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். இத்தனைக்கும் பிறகு பசி மட்டும் அப்படியே இருந்ததால் அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நம்ம வயித்துல அடிச்சது மடவளை முஸ்லிம் கடைக்காரங்கதான் என்றார். தீபாவளிக்குத் தீபாவளி துணி மூட்டையோடு வந்து, உனக்கு முதல் பாவாடைத் துணி வெட்டித் தந்த ஜமால்தீன் நானாவின் மூட்டையை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். அவரிடம் வாங்கினால் துரோகி, அவரோடு பேசினாலும் துரோகி.

உன் கல்யாணம் அந்த உச்சத்தில் வந்தது. எனக்குக் கூடப் பிறந்த ஆண் இல்லை என்று பட்டம் கட்ட உன் அப்பா பக்கத்தில் ஒருவரைப் பேசி வைத்திருந்தோம். தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு நானே மாமன் என்று அவராகவே வந்து நின்றார். யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும். அரக்குச் சேலையைத் தட்டில் வைத்துச் சீர் கொண்டு வந்தார், உன் நெற்றியில் பட்டம் கட்டினார், படம் எடுத்தார்கள், சபைக்காரர்கள் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். அந்த நிமிடத்திலிருந்து முறைப்படி அவர் என் அண்ணன். நம் ஆட்களில் அண்ணன் வந்து நின்றால் கதவைச் சாத்துகிற பழக்கம் உண்டா சொல். அதைத்தான் அவர் நேற்றுப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்தேன், தண்ணீர் சொட்டச் சொட்ட யாருடையதோ ஒரு சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார். தங்கச்சி, எனக்கு இந்த உலகத்துல இருக்கிறது இந்த ஒரு வீடுதான் என்றார். மனம் முடிவு செய்வதற்கு முன்னால் கை தேத்தண்ணி ஊற்றிவிட்டது.

தம்பியின் கையைப் பற்றி உனக்கு இன்னும் உண்மை தெரியாது. ஓட்டோ குடை சாய்ந்து கை முறிந்தது என்று சொன்னோம், அப்போது சபைக்காரர்கள் நம் போன்களை வாங்கிப் பார்ப்பார்கள், அதனால்தான். ஜமால்தீன் நானாவின் பெண்சாதி மஸீனாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டியபோது சதீஸ்தான் தன் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அதற்காக அவனை விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போய் எல்லோரையும் வரச் சொல்லி, எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நிற்க, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அப்பாவும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நின்றார். எடுத்திருந்தால் பிள்ளையின் மற்றக் கையும் போயிருக்கும். அன்றிலிருந்து உன் அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார், டீவிக்கு முன்னால் சும்மா இருப்பார், நான் ஏசினால்கூடத் திருப்பி ஏச மாட்டார். அந்த இடது கை இன்றைக்கும் கோணல்தான். இப்போது நினைத்துப் பார், அந்தக் கையோடு அவன் நாளைக்குக் காலையில் நம் வாசலில் ஏறுகிறான், உள்ளே கதிரையில் யார் இருக்கிறார். ஒன்று இவர் அவனை வெட்டுவார், இல்லை அவன் இவரைக் கொன்றுவிட்டு மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவான். எனக்கு இரண்டில் எதுவும் வேண்டாம் மகளே. நேற்றிலிருந்து ஒரு பருக்கை சோறு இறங்கவில்லை.

இவர் விழுந்த கதையைக் கேள். நாலாம் வரிசை வீரையா அண்ணன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க இவர் படத்தைக் கழற்றித் தரையில் வைத்தாராம், அதற்காகச் சபைக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவர் படுத்த படுக்கையாகி, போன வாரம் போய்விட்டார். துரோகியின் சாவு, ஒருத்தரும் வாய்க்கரிசி போடக் கூடாது என்று லவுட்ஸ்பீக்கரில் சொன்னார்கள். அங்கேதான் இவருக்குப் புத்தி பிசகியது. நம் சனத்துக்குச் சம்பளத்தை நிறுத்து, கடையைச் சாத்து, அடி, எதையும் தாங்கும். செத்தவன் வாயில் ஒரு பிடி அரிசி போடாதே என்று எவனும் சொல்லக் கூடாது. உன் அப்பா எழுந்தார். பானையில் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்து மூடிக்கொண்டு, அந்த நொண்டிக் காலோடு தெருவில் இறங்கினார். போகாதீங்க என்று கத்தினேன், பிறகு நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சந்தியில் சாம்பல் சட்டைகள் நின்றன. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு பெண்கள் முந்தானையில் அரிசியோடு வருகிறார்கள், அங்கே நிற்கிற பொடியன்களின் தாய்மார்தான். தடியை ஓங்கின ஒருத்தனை அவன் அம்மா, எங்க, அடிடா பார்ப்போம் என்று கேட்டாள். அவன் தடியைக் கீழே போட்டான். சவம் தூக்குவதற்குள் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். சாயந்தரம் சபைக் கட்டடத்தை உடைத்தார்கள், இவர் கண்ணாடியை மிதித்தார்கள், பின்பக்கத்தால் ஓடிப்போனார். நெஞ்சில் கை வைத்தவர்கள்தான் இப்போது மண்ணெண்ணெய்க் கேனோடு தேடுகிறார்கள். இங்கே இருப்பது தெரிந்தால் வீட்டோடு கொளுத்துவார்கள். பொலிஸில் சொல்லலாம் என்றால், அங்கே இருக்கும் சிலர் இவர் மேடையில் மாலை வாங்கினவர்கள், யாரை நம்புவது.

நான் இங்கே இருப்பதால் கடைக்குப் போக அப்பாவை விடுகிறார். காலையில் போனவர் வீரையா அண்ணனின் பெண்சாதி பாப்பம்மா அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் அழுது முடித்துவிட்டு, என் புருஷன் வாயில விழுந்தது நல்ல அரிசி, அதுல ரத்தம் கலக்க வேணாம் என்றாளாம். அதனால் நாளைக்கு விடியத் தண்ணீர்ப் பைப்புக்கு வருகிற பெண்கள் எல்லோரும் குடத்தோடு நம் வாசலுக்கு வருவார்கள். நான் அந்தச் சீர்ச் சேலையையும் பட்டத்தையும் தட்டில் வைத்து அவர் கையில் திருப்பிக் கொடுப்பேன். சீரைத் திருப்பினால் உறவு அறுந்தது, அது அவருக்கும் தெரியும். பிறகு பாப்பம்மா அக்கா முன்னால் நடக்க, பெண்கள் சுற்றி வர, ஒரு கல்கூட மேலே விழாமல் பட்டப் பகலில் பொலிஸ் வாசலில் கொண்டு போய் நிறுத்துவோம். எல்லோரும் பார்க்க ஒப்படைத்தால் மறைக்க முடியாது. கத்தியை எடுத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தட்டை நீட்டுகிற ஆள் நான்தான், அவருக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கப்போவதும் நான்தான். பயமாகத்தான் இருக்கிறது யசோ. அலுமாரியில் இருந்து உன்னைக் கேட்காமல் அந்தச் சேலையை எடுத்துவிட்டேன், கோபிக்காதே, வேறு நல்ல சேலை வாங்கித் தருகிறேன்.

இன்றைக்கு ஜமால்தீன் நானா வருவார், இந்த வாரம்தான் மறுபடி மூட்டையைக் கட்டியிருக்கிறார். தபாலில் போடக் கொடுப்பது போல இதை அவரிடம் கொடுப்பேன், அவர் தன் போனில் படம் பிடித்து உடனே உனக்கு அனுப்புவார். வருகிறவர் யார் என்று இவருக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை மெலிந்திருக்கிறார், படத்தில் பார்த்தேன், வேலை வேலை என்று பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நாளைக்குச் சாயந்தரம் என் நம்பரில் இருந்து எடுப்பேன். எடுக்காவிட்டால் பாப்பம்மா அக்கா வீட்டுக்கு எடு. எது நடந்திருந்தாலும் சதீஸின் கையில் ரத்தம் இல்லாமல் பார்த்துக்கொள், அது உன் பொறுப்பு. நீங்கள் இருவரும் பிள்ளை குட்டியோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா

மருமகளே மாமாவின் ஆசி. நான் கட்டிய பட்டத்தை மறந்துடாதே.

மகளே, மேலே கோணல்மாணலாக இருக்கிற பெரிய எழுத்து அவருடையது. வாசிச்சுக் காட்டுங்க என்றார், இந்தப் பேப்பரைப் பார்த்தபடி மாமனைக் கைவிடாதே மகளே என்று வாய்க்கு வந்ததை எல்லாம் வாசித்தேன். கேட்டுக் கேட்டு அழுதார். நானும் ரெண்டு வார்த்தை எழுதுறேன் தங்கச்சி என்று பேனாவை வாங்கினார். எழுதும்போது அவருடைய இடது கை இந்தத் தாளின் மேல்தான் இருந்தது, பெண்கள் குடத்தோடு வருவார்கள் என்று நான் எழுதின இடத்தின் மேல். ஈரம் பட்டு அங்கே மை கலைந்திருக்கும், பார். நிறைய எழுதியிருக்கீங்க தங்கச்சி, உங்களுக்கு நல்ல மனசு என்று சொல்லித் தாளைத் தடவிக் கொடுத்தார். வாசலில் ஜமால்தீன் நானா கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. இவர் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்து நிற்கிறார். தம்பிக்குப் போன் எடு.